இறக்கத்தில் நியூட்ரல்

முத்துராஜுக்கு அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது சொன்னால், பழியிலிருந்து நழுவப் பார்க்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம்.

என் பெயர் வல்லிநாயகம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்கில் இருபத்தாறு வருஷமாக மேனேஜர். மேனேஜர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் தொட்டிக்குள் அளவுக்கம்பி விட்டு எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும், ஷிப்டு மாறும்போது பணத்தை எண்ணி வாங்க வேண்டும், முதலாளி வந்தால் எழுந்து நிற்க வேண்டும். எனக்குச் சொந்தமாக ஒரு ஸ்கூட்டர் தவிர வேறு வண்டி கிடையாது. ஆனால் எந்த வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று என்னிடம்தான் எல்லோரும் கேட்பார்கள். நானும் கேட்காதவனுக்குக்கூடச் சொல்லுவேன். அந்த வாய்க்கொழுப்புக்கு முத்துராஜின் மனைவி மூக்கம்மாளின் அறுபது சென்ட் வயல் விலையாகப் போயிற்று.

முத்துராஜ் அச்சன்புதூர்க்காரன். அவன் அப்பா மாடன் கடைசிவரை அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்த மனுஷன். முத்துராஜ் பதினெட்டு வயதில் புளியங்குடியில் எலுமிச்சை லாரியில் கிளீனராகச் சேர்ந்து, இருபத்திரண்டில் ஸ்டியரிங் பிடித்துவிட்டான். செங்கோட்டை தாண்டி, மலை ஏறி இறங்கி, கொல்லம் வரைக்கும் லோடு. லாரி முதலாளி ஒரு நடைக்கு இவ்வளவு டீசல் என்று அளந்து கொடுத்துவிடுவார். அதில் மிச்சம் பிடிப்பது டிரைவருக்கு. அதனால் ஆரியங்காவு தாண்டி இறக்கம் தொடங்கியதும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு வண்டியைத் தானாக உருளவிடுவார்கள். சட்டப்படி தப்பு, ஆபத்தும்கூட. ஆனால் அந்த ரோட்டில் ஓட்டிய பழைய டிரைவர்கள் அத்தனை பேரும் அதைச் செய்தவர்கள்தான். மூக்கம்மாளுக்குக் கல்யாணமான புதிதில் முத்துராஜ் வாங்கிப்போட்ட கம்மல், இறக்கத்தில் மிச்சம் பிடித்த டீசலில் வந்தது. அதை அவன் என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான், ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாகச் சொல்லுவான்.

பிறகு ஒரு டாக்டருக்குக் கார் ஓட்டினான். அப்புறம் லோன் போட்டு ஒரு பழைய டீசல் வண்டி வாங்கினான், ஏழு பேர் உட்காரலாம். அவர்கள் தெருவில் முதல் கார் அதுதான். குற்றாலத்தில் ஸ்டாண்டில் போட்டு, சீசனுக்குச் சீசன் ஓட்டி, பதினொரு வருஷத்தில் லோனை அடைத்து, மகள் சத்யபிரியாவை நர்சிங் படிக்க வைத்தான். குடிக்க மாட்டான். என் பங்கில் டீசல் போட்டால் பைசா பாக்கி வைக்க மாட்டான். இப்படிப்பட்ட ஆள் கெட்டுப்போவதற்கு யாராவது ஒருவர் உதவி செய்ய வேண்டியிருக்கிறது.

அந்த ஆனி மாதம் பழைய வண்டி இன்ஜின் வேலைக்கு வந்தது. மெக்கானிக் ஒன்றே முக்கால் லட்சம் கேட்டான். வேலை பார்த்தால் இன்னும் நாலு வருஷம் ஓடும் என்றும் சொன்னான். முத்துராஜுக்குப் பதினொரு வருஷம் ஓட்டிய வண்டியில் அவ்வளவு பணத்தைக் கொட்ட மனமில்லை. புது வண்டி வாங்கிவிடலாம் என்று திருநெல்வேலி ஷோரூமுக்குப் போய் வந்தான். வந்தவன் நேராக பங்குக்கு வந்தான். கையில் இரண்டு விலைப்பட்டியல் இருந்தது.

"அண்ணாச்சி, ரெண்டும் ஒரே வண்டிதான். ஒண்ணு வெறும் பெட்ரோல், இருபது லட்சம். இன்னொண்ணு ஹைபிரிட்டாம், இருபத்தாறு லட்சம் சொல்லுதான். பெட்ரோலும் உண்டு, பேட்டரியும் உண்டு. தானே சார்ஜ் ஆயிக்கிடுமாம். ஆறு லட்சம் கூடக் குடுத்து வாங்கலாமா, நீங்க ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

மூக்கம்மாளும் கூட வந்திருந்தாள். ஸ்டாண்டு டிரைவர் முகம்மது சலீமும் இன்னும் இரண்டு பேரும் அங்கே நின்றார்கள். இத்தனை பேர் பார்க்கக் கணக்குப் போட வேண்டும் என்றால் எனக்குப் பொங்கல் வைத்த மாதிரி. பில் புத்தகத்துக்குப் பின்னால் ஒரு தாளைக் கிழித்தேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்வே ஓட்டுதீரு?"

"இருநூத்தம்பது ஓடுது அண்ணாச்சி."

பெட்ரோல் லிட்டர் நூற்றுமூன்று ரூபாய். வெறும் பெட்ரோல் வண்டி லிட்டருக்குப் பதினொன்று கொடுக்கும், ஹைபிரிட் இருபது கொடுக்கும். ஒரு கிலோமீட்டருக்கு நாலேகால் ரூபாய் மிச்சம். நாளைக்கு இருநூற்றைம்பது என்றால் மாதம் ஏழாயிரத்தைந்நூறு கிலோமீட்டர். மாத மிச்சம் முப்பத்தோராயிரத்துக்கு மேல். கூடக் கொடுக்கிற ஆறு லட்சம் பத்தொன்பது மாதத்தில் திரும்பி வந்துவிடும். நான் தாளைத் தூக்கிக் காட்டினேன். சலீம் விசிலடித்தான்.

மூக்கம்மாள் மட்டும் தாளைப் பார்க்கவில்லை. "அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா? பழைய வண்டியையே சரிபண்ணி ஓட்டுனா என்ன? ஒண்ணே முக்காலோட போயிரும்லா?"

"ஏட்டி, நீ சும்மா இரி" என்றான் முத்துராஜ்.

நானாவது பதில் சொல்லியிருக்கலாம். "பழசுல காசு போடுதது கிணத்துல போடுத மாதிரிம்மா" என்று சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். என் தாளில் இரண்டு கட்டம்தான் இருந்தது. மூன்றாவது கட்டம் ஒன்று போட்டு அவள் கேட்டதை எழுதிப் பார்க்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

சரி, அதை விடுங்கள். அதைவிடப் பெரிய தப்பு ஒன்று அந்தத் தாளிலேயே இருந்தது. ஆனி மாதத்தில், அருவியில் தண்ணீர் விழுகிறபோது, குற்றாலத்து டிரைவரிடம் எவ்வளவு ஓடுகிறது என்று கேட்டால் அவன் சீசன் ஓட்டத்தைத்தான் சொல்லுவான். பொய்யில்லை, அப்போது அதுதான் ஓடுகிறது. இங்கே லாட்ஜ்காரன், பழக்கடைக்காரன், எண்ணெய் தேய்த்துவிடுகிறவன் எல்லோருக்கும் வருஷம் என்பது மூன்று மாதம்தான், மிச்சம் ஒன்பது மாதம் அதை வைத்துத் தின்பது. அந்த மூன்று மாத ஓட்டத்தை நான் பன்னிரண்டு மாதத்துக்கும் போட்டேன். அதுவும் யார்? புரட்டாசி பிறந்தால் பங்கில் விற்பனை பாதியாக விழுவதை இருபத்தாறு வருஷமாகக் கம்பி விட்டு அளந்து பார்க்கிற நான். எனக்குத் தெரியாமல் இல்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பெருக்கல் வேகமாக வந்தது, போட்டுவிட்டேன்.

ஆறு லட்சத்துக்கு வழி வேண்டுமே. வண்டி லோன் ஓரளவுக்குத்தான் கிடைத்தது. பழைய வண்டியை விற்ற பணம் முன்பணத்துக்குப் போயிற்று. மூக்கம்மாளுக்கு அவள் அப்பா கொடுத்த அறுபது சென்ட் நஞ்சை அச்சன்புதூரில் இருந்தது. அவர் கூலி வேலை பார்த்து, ஐந்து சென்ட் பத்து சென்ட்டாக வாங்கிச் சேர்த்த வயல். அவர் வேலை பார்த்த வயல்களுக்கு நடுவிலேயே இருந்தது. வீட்டுக்குச் சாப்பாட்டு அரிசி அதிலிருந்துதான். அதை ஒத்திக்கு விடுவது என்று முத்துராஜ் முடிவு செய்தான். ஒத்தி என்றால் வட்டி கிடையாது. பணம் கொடுத்தவர் வயலைப் பயிர் செய்துகொள்வார், பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் வயலைத் திருப்பிக் கொடுப்பார். சுரண்டையில் விதைக்கடை வைத்திருக்கிற விஜயசங்கர் ஆறு லட்சம் கொடுத்தார். மூன்று வருஷத் தவணை. அதற்குள் திருப்பவில்லை என்றால் அவருக்கே கிரயம் என்று பேச்சு.

"உழுதவன் கணக்குப் பாத்தா உழக்கும் மிஞ்சாதும்பாங்க. பத்தொம்பது மாசத்துல மீட்டிருவேன் மூக்கு, தவணைக்கு இன்னும் பதினேழு மாசம் கெடக்கும்" என்றான். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

ஆடியில் புது வண்டி எடுக்கக் கூடாது என்று ஆவணி பிறக்கும்வரை காத்திருந்தார்கள். வண்டி வந்து, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியபோது சீசன் முடிந்து சாரலும் நின்றிருந்தது.

வண்டி அழகுதான். மெதுவாகப் போனால் சத்தமே இருக்காது, பேட்டரியிலேயே ஓடும். பங்குக்குள் வந்து நிற்பது தெரியாமல் என் பையன்கள் திடுக்கிட்டுத் திரும்புவார்கள். முத்துராஜ் பெட்ரோல் போடும்போதெல்லாம் கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு வருவான். இருபது வரவில்லை. பதினைந்துதான் வந்தது.

"புது இன்ஜின் செட் ஆகட்டும்வே" என்றேன். ஆறு மாதம் கழித்தும் பதினைந்துதான். "கம்பெனிக்காரன் சொல்லுததுல பாதிய நம்பணும் அண்ணாச்சி. நாமதான் பாத்து ஓட்டணும்" என்றான். இன்னும் பார்த்து ஓட்டினான். ஏசியைக் குறைத்தான். எங்கே இறக்கம் வந்தாலும் நியூட்ரல், ஸ்பீடு பிரேக்கரைத் தூரத்தில் கண்டாலே நியூட்ரல், ரயில்வே கேட் மூடுகிறது என்றால் அரை கிலோமீட்டருக்கு முன்னால் நியூட்ரல். நானே ஒரு தடவை புனலூரில் ஒரு துக்கத்துக்கு அவன் வண்டியில் போனேன். ஆரியங்காவு தாண்டியதும் அவன் கை தன்னால் கியருக்குப் போயிற்று. வண்டி மலையில் உருண்டது. அவன் பிரேக்கை விட்டு விட்டு அமுக்கினான். "பாத்தியளா, சொட்டு பெட்ரோல் இல்லாம இறங்குதோம்" என்றான். நான் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

முதல் வருஷம் ஓட்டம் நாற்பத்தேழாயிரம் கிலோமீட்டர். என் தாளில் தொண்ணூறாயிரம். இரண்டாவது வருஷம் சீசனில் மழை கொட்டி, அருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டார்கள். திறந்தார்கள், மறுபடி தடை. வேன் வேனாக வந்தவர்கள் அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஸ்டாண்டில் டிரைவர்கள் வண்டியைத் துடைத்துத் துடைத்து உட்கார்ந்திருந்தார்கள். மாதத் தவணை மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் வந்தது. மூக்கம்மாள் கடையில் அரிசி வாங்கத் தொடங்கியிருந்தாள். கம்மல் அடகுக்குப் போனது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இரண்டாவது தடவையாக பிரேக் தேய்ந்துபோனபோது முத்துராஜ் வேறு வழியில்லாமல் திருநெல்வேலி சர்வீஸுக்குப் போனான். அங்கே வேலை பார்க்கிற மிஸ்ரியா என்ற பெண் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு அவனைக் கூப்பிட்டிருக்கிறாள். அன்று சாயங்காலம் பங்குக்கு வந்து, நடந்ததை அப்படியே என்னிடம் சொன்னான்.

"'இந்த வண்டிக்கு பிரேக் சீக்கிரம் தேயாதே அண்ணாச்சி, நீங்க எப்படி ஓட்டுதிய'ன்னு கேட்டா. சொன்னேன். இறக்கத்துல நியூட்ரல்ல விடுவேம்மான்னேன். அந்தப் பிள்ளைக்கு முகமே மாறிட்டு. 'கியர்ல இருந்தாத்தான் அண்ணாச்சி இறங்கும்போது பேட்டரி சார்ஜ் ஆகும். நியூட்ரல்ல போட்டா ஒண்ணும் ஏறாது. இந்த வண்டிக்கு இறக்கம்தான் பெட்ரோல் பங்க்'னா."

பிறகு, "ரெண்டு வருசமா ஓசிக் கரண்ட மலையில கொட்டிட்டு வந்திருக்கேன் அண்ணாச்சி" என்றான். அவன் அழவில்லை. இருபத்தைந்து வருஷமாகக் கியர் மேலேயே வைத்துப் பழகிய இடதுகையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது. வீட்டுக்குப் போய்ப் புதிதாக ஒரு தாள் எடுத்து ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். அவன் ஓடிய நிஜக் கிலோமீட்டர், அவனுக்குக் கிடைத்த நிஜ மைலேஜ். மாதம் பத்தாயிரத்துக்கும் குறைவாகத்தான் மிச்சம். கூடக் கொடுத்த ஆறு லட்சம் திரும்பி வர ஐந்து வருஷத்துக்கு மேல். ஹைபிரிட் மோசமான வண்டி இல்லை. நாள் தவறாமல் ஓடுகிறவனுக்கு, ஓட்டத் தெரிந்தவனுக்கு அது லாபம்தான். இவன் நாள் தவறாமல் ஓடவில்லை என்பது எனக்குத் தெரியும், இவன் எப்படி ஓட்டுவான் என்பதும் தெரியும். இரண்டையும் தெரிந்துகொண்டு நான் ஆமாம் போட்டேன்.

மறுநாள் காலை ஸ்டாண்டுக்கே போய்ச் சொன்னேன். "முத்துராஜ், தப்பு என் மேலவே. சீசன் கணக்க வருசத்துக்குப் போட்டுட்டேன்."

அவன் என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இருநூத்தம்பதுன்னு சொன்னது நான்தான அண்ணாச்சி" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

அதற்குப் பிறகு வண்டியைக் கியரிலேயே இறக்கினான். கை தன்னால் போகும், இழுத்துக்கொள்வான். மைலேஜ் பத்தொன்பதரைக்கு ஏறியது. ஆனால் ஒத்தித் தவணைக்கு ஒரு வருஷம்தான் மிச்சம். ஐயப்ப சீசனில் இரவு பகல் பார்க்காமல் ஓட்டினான். சத்யபிரியா சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, சம்பளத்தில் முக்கால்வாசியை அனுப்பினாள். நான் என் பெயரில் இருந்த நாற்பதாயிரத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவன் வாங்கவில்லை. கெஞ்சினேன், அப்போதும் வாங்கவில்லை. ஆவணியில் அவன் கையில் ஒன்றே கால் லட்சம் இருந்தது. விஜயசங்கர் கெட்டவர் இல்லை. இரண்டு மாதம் பொறுத்தார். ஐப்பசியில், "நானும் கடன்பட்டுத்தாம்ப்பா போட்டேன். கிரயத்த முடிச்சிருவோம், மேற்கொண்டு மூணு லட்சம் தாரேன்" என்றார். வயலின் விலை ஒன்பது லட்சம் என்று ஆயிற்று. அந்த மூன்றில் இரண்டரை வண்டி லோனில் கட்டாமல் விட்ட தவணைகளுக்கே வேண்டியிருந்தது.

கிரயத்துக்கு நான் சாட்சி. முத்துராஜ்தான் கேட்டான், மறுக்க எனக்கு யோக்கியதை இல்லை. விஜயசங்கரையும் முத்துராஜே தன் வண்டியில் சுரண்டையிலிருந்து தென்காசி பத்திர ஆபீசுக்கு அழைத்து வந்தான். மூக்கம்மாள் பெருவிரலை மிஷினில் வைத்தாள். வயல்வேலை பார்த்துத் தேய்ந்த விரல், மிஷின் மூன்று தடவை ஏற்கவில்லை. நாலாவது தடவை ஏற்றுக்கொண்டது. வெளியே வந்ததும் விஜயசங்கர் வாடகை என்று ஆயிரத்து இருநூறு ரூபாயை முத்துராஜ் பையில் வைத்துவிட்டு, பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று போய்விட்டார்.

அவர்களைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நானும் ஏறிக்கொண்டேன். மூக்கம்மாள் முன்னால் உட்கார்ந்தாள். அந்த வண்டியில் அவள் முன்சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வண்டி இடைகாலைத் தாண்டியது.

"அண்ணாச்சி" என்றாள் திரும்பாமலே. "பழைய வண்டிய சரிபண்ண எவ்வளவு கேட்டான் அன்னைக்கு?"

"ஒண்ணே முக்கால் லட்சம்மா."

"ஒண்ணே முக்கால்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், கண்ணீர் நிற்கவில்லை.

அச்சன்புதூருக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரம் அந்த வயல் வரும். முதல் மழைக்குத் தண்ணீர் கட்டி நடவு நடந்துகொண்டிருந்தது. விஜயசங்கரின் ஆட்கள். தூரத்தில் கண்டதுமே மூக்கம்மாள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, மெதுவாப் போனா இதுக்குப் பெட்ரோல் ஆகாதுன்னு சொல்லுவியள்லா?"

"ஆகாது. பேட்டரியில போவும்."

"அப்பம் மெதுவாப் போங்க."

முத்துராஜ் காலை எடுத்தான். இன்ஜின் அணைந்தது. வண்டி சத்தமில்லாமல் வயலோரமாக ஊர்ந்தது. நடுகிற பெண்கள் குனிந்தபடியே இருந்தார்கள், ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூக்கம்மாள் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே வைத்துக்கொண்டு, வரப்பு வரப்பாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அறுபது சென்ட் எவ்வளவு தூரம் வரும்? வயல் முடிந்து வாய்க்கால் கரை வந்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

"போதும், போங்க" என்றாள்.